துணியில் ஓர் ஆசுகவி

புலவரை ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என நால்வகைப்படுத்துவது தமிழ் மரபு. இவருள் ஆசுகவி என்பார், பிறர் கொடுத்த பொருளையும் பாவகையையும் ஏற்று, எழுதிப் பார்க்கவும் அடித்துத் திருத்தவும் இடமில்லாத அந்நொடியிலேயே பாடி முடிப்பவர். காளமேகப் புலவர் இத்துறையில் பெயர் பெற்றவர். தொடங்க வேண்டிய சொல் இது, முடிக்க வேண்டிய சொல் இது எனப் பிறர் விதித்த வேலிக்குள் நின்று அவர் பாடியனவாகத் தனிப்பாடல்கள் பல வழங்குகின்றன. ஈண்டுக் கருதத் தக்கது ஒன்று உண்டு. ஆசுகவி இலக்கணத்தைக் கைவிடுவதில்லை. வெண்பாவில் பாடச் சொன்னால் வெண்டளை பிறழாமலேயே பாடுகின்றார். முன்கூட்டி வகுத்த திட்டம் அவரிடம் இராது. பல்லாண்டுப் பயிற்சியால் ஊறிய ஒழுங்கு இருக்கும். இசையில் மனோதர்மம் என்று சொல்லப்படுவதும் இத்தகையதே. ராகத்தின் வரம்புக்குள் நின்றே பாடகர் அன்றைய ஆலாபனையைப் புதிதாகப் படைக்கின்றார்.

இத்திறம் சொல்லுக்கும் இசைக்கும் மட்டுமே உரியதா? பழந்துணித் துண்டுகளை முன்வரைவு எதுவுமின்றிக் கைக்கு வந்த நிறத்தையும் அளவையும் கண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, போர்வையாக்கும் பெண்ணின் தொழிலை நாம் எந்தப் பெயரால் அழைப்பது? சிக்கனம் என்று அழைக்கலாம். வறுமை என்றும் அழைக்கலாம். இவ்விரு பெயர்களோடு நாம் நின்றுவிட்டோம். அத்தொழில் படைப்புத் தொழிலே என்பதும், இலக்கியத்தை அளக்க நாம் வைத்திருக்கும் கோலாலேயே அதனை அளக்க முடியும் என்பதும், அவ்வாறு அளந்தால் தமிழாசிரியர்க்கு அதில் ஒரு பாடம் உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

நூல் என்னும் சொல்

நம் முன்னோர் தையலையும் நெசவையும் இழிவாகக் கருதினாரல்லர். ஏட்டையும் இழையையும் நூல் என்னும் ஒரே சொல்லால் வழங்கியதே இதற்குச் சான்று. பவணந்தி முனிவரின் நன்னூல் பாயிரப் பகுதியில், நூல் இயற்றுவதை நூல் நூற்பதற்கு ஒப்பிடும் வெண்பா ஒன்று உள்ளது. சொற்கள் பஞ்சாகவும், புலவன் நூற்கும் பெண்ணாகவும், வாய் அவள் கையாகவும், அறிவு கதிராகவும் அங்கே உருவகம் பெறுகின்றன. கற்றறிந்த புலவனுக்கு உவமையாக இலக்கண ஆசிரியர் தேர்ந்தெடுத்தது வேலை செய்யும் ஒரு பெண்ணின் கையை என்பதை மாணவர் மறத்தலாகாது.

அவ்வெண்பாவை அடுத்து வருவது வேறோர் ஒப்புமை. தச்சன் கட்டும் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பது போல, கற்கும் நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்பது அதன் கருத்து. முன்னது ஆக்கும் நூல். பின்னது திருத்தும் நூல். இவ்விரண்டையும் பவணந்தியார் அருகருகே வைத்தார். நம் வகுப்பறைகளிலோ தச்சன் நூல் மட்டுமே பெரிதும் எஞ்சியிருக்கிறது. இக்குறையைக் கட்டுரையின் இறுதியில் நோக்குவோம்.

தைத்தலைத் துன்னம் என்றனர் பண்டையோர். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை வரிசைப்படுத்துமிடத்துத் துன்னகாரரைக் குறிப்பிடுகிறது. துணித்துண்டாலும் நெட்டியாலும் பலவகைப் பொருள் செய்தாரையும் அவரை அடுத்தே வைத்துப் பழுதற்ற தொழிலுடையார் என அடிகள் பாராட்டுகின்றார். பொருநராற்றுப்படையிலோ மற்றொரு காட்சி. வேர்வையில் நனைந்து, வேறு வேறு இழைகள் நுழைந்து, தைத்துத் தைத்தே உருமாறிய கந்தையை உடுத்து வந்த பொருநனுக்குக் கரிகாலன் பாம்பின் சட்டை போன்ற மெல்லிய ஆடை அளிக்கின்றான். புலவர்க்குக் கந்தை வறுமையின் அடையாளம். அதனை நீக்குவது வள்ளன்மையின் அடையாளம். அது முற்றிலும் முறையே. எனினும், அக்கந்தையில் வேற்றிழை நுழைத்துத் தைத்த கை எவருடையது என்று அப்பாட்டும் கேட்கவில்லை. அதற்கு உரை சொல்லும் நாமும் கேட்பதில்லை.

வங்காளத்தார் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வையைக் காந்தா என்பர். அச்சொல்லும் நம் கந்தை என்னும் சொல்லும் ஒரே வடசொல்லின் இரு வடிவங்களாம். அங்கே அச்சொல் ஒரு கலைக்குப் பெயராயிற்று. 1929இல் கவிஞர் ஜசீமுத்தீன், கணவனைப் பிரிந்த ஓர் உழவர் குலப் பெண் தன் வாழ்வு முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்துவைப்பதாக ஒரு கதைப்பாடலே இயற்றினார். வங்க மொழி அறிந்தார் இன்றும் அதனைப் போற்றுகின்றனர். கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்ன பழமொழி நம்மிடம் உண்டு. கந்தையை உற்றுப் பார்க்கச் சொன்ன நூல் ஏது?

ஒட்டின் மூவகை

துண்டுகளை இணைத்துச் செய்யும் துணி வேலை எல்லாம் ஒரு தன்மையன அல்ல. திட்டம் எவரிடமிருந்து வருகிறது என்பதை வைத்து அவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில் வடிவமும் முறையும் முன்னரே விதிக்கப்படுகின்றன. பௌத்தத் துறவியரின் துவராடை இதற்குத் தக்க சான்று. மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் ஒழுங்காகப் பிரிந்து கிடந்ததைக் கண்ட புத்தர், அவ்வாறே ஆடையை அமைக்க முடியுமா என ஆனந்தரைக் கேட்டதாகவும், அவர் அமைத்துக் காட்டியதே விதியாயிற்று என்றும் விநயபிடகம் கூறும். நெல்வயல் சூழ்ந்த கெடா மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். அங்கே துறவி தன் விருப்பத்தை விடுவதற்காகவே தைக்கின்றான். ஆகவே விதித்த வடிவம் அவனுக்குப் பொருத்தமானதே. மலாய்க்காரர் ‘தம்பால் செரிபு’, அதாவது ‘ஆயிரம் ஒட்டு’, என அழைக்கும் ஒட்டுத்துணி வேலையிலும் முக்கோணமும் சதுரமும் மாறி மாறி வரும் ஒழுங்கான கோலங்களைக் காணலாம்.

இரண்டாம் வகையில் சட்டம் பொது; உள்ளீடு தனி. சீனர் மரபில், பிறந்த குழந்தைக்காக நூறு குடும்பங்களிடம் துணித்துண்டு கேட்டு வாங்கித் தைக்கும் போர்வை இதற்கு அண்மையது. இவ்வகையின் வரலாற்றுச் சிறப்புமிக்க சான்று நமக்கு அருகிலேயே, சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் தோன்றியது. அதனைப் பின்னர்க் காண்போம்.

மூன்றாம் வகையே நாம் எடுத்துக்கொண்ட பொருள். இங்கே சட்டமும் இல்லை, வரைபடமும் இல்லை. முதல் துண்டை வைத்த பின்னரே இரண்டாம் துண்டு எதுவென்று தெரியவரும். இவ்வகையை மிகத் தூய நிலையில் காண விரும்புவோர் இந்தியாவின் கர்நாடக மாநிலத்திற்குச் செல்ல வேண்டும்.

சித்தி இனப் பெண்களின் கவந்தி

சித்தி என்பது ஈண்டு உறவுமுறைப் பெயரன்று; ஓர் இனத்தின் பெயர். போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் ஏவலராகவும் கோவாவுக்குக் கொண்டுவந்த மக்களின் வழித்தோன்றல்களுள் ஒரு பகுதியினர், வடகன்னட மாவட்டத்து எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு முதலிய வட்டங்களின் காட்டுப்புற ஊர்களில் வாழ்கின்றனர். அவர்கள் பேசுவது அந்நிலத்து மொழிகளை. உடுத்துவது அந்நிலத்து உடைகளை. ஆயினும் அவ்வினப் பெண்கள் தைக்கும் போர்வைகள் தனித்தன்மை உடையவை. கவந்தி என்பது அப்போர்வையின் பெயர்.

கவந்தி தைக்கும் பெண், பழைய பருத்திச் சேலையை அடித்துணியாக விரிக்கின்றாள். அதன் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை ஒட்டியே துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டு நான்கு பக்கமும் சுற்றி வருகின்றாள். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று அதற்கு உள்ளே செல்கிறது. இவ்வாறு சுற்றிச் சுற்றி நடுவை அடையும்போது போர்வை நிறைவு பெறுகிறது. மேல்துணியையும் அடித்துணியையும் பிணைப்பது நெருக்கமாக ஓடும் ஓட்டுத்தையல். துண்டுகளை அவள் வெட்டி ஒழுங்கு செய்வதைக் காட்டிலும் உள்ளவாறே மடித்து வைப்பதே மிகுதி. கிறித்தவப் பெண்கள் சிலர் சிலுவை வடிவையும், முசுலிம் பெண்கள் சிலர் பிறை வடிவையும் இடையே அமைப்பதுண்டு. இறுதியில் நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூ எனப் பொருள்படும் ‘ஃபூல’ என்பது பெயர். மூலையில் பூ இல்லாத போர்வையை ஆடையில்லாத போர்வை என்று அவர்கள் சொல்வார்களாம்.

இக்கடைசிச் செய்தி ஆழ்ந்து எண்ணத் தக்கது. குளிரை நீக்குவது மட்டுமே நோக்கமாயின் மூலைப்பூவுக்கு வேலையில்லை. அப்பூ ஒரு துளி வெப்பத்தையும் கூட்டுவதில்லை. இருந்தும் அது இல்லாவிடில் வேலை முடியவில்லை என அப்பெண்கள் கருதுகின்றனர். தேவை முடிந்த இடத்திற்கு அப்பாலும் கை சில அங்குலம் செல்கிறது. அச்சில அங்குலத்தில்தான் கலை இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி துருவல் இப்போர்வைகளை ஆராய்ந்து எழுதினார். 2011இல் நியூயார்க்கு நகரின் ஷோம்பர்க் ஆய்வு நடுவத்தில் அவை காட்சிக்கும் வைக்கப்பட்டன.

லூனாஸ் வட்டாரத்துப் போர்வை ஒன்று

தொலைவிலுள்ளதைப் போற்றி அருகிலுள்ளதை மறப்பது முறையன்று. லூனாஸ், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பெண்களும் பழஞ்சேலையை மடித்துப் படுக்கை தைத்தனர். தையற்கடை வெட்டுத்துணிகளைக் கேட்டு வாங்கி வந்து ஒட்டுப் போர்வையும் தைத்தனர். பால்மரம் வெட்டிவிட்டு வந்து, பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு, லயத்துவாசலில் அமர்ந்து கிடைத்த பொழுதில் தைத்தவை அவை. அத்தகைய போர்வை ஒன்றை அண்மையில் ஒரு மூதாட்டியின் வீட்டில் விரித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. அவரும் ஒரு காலத்துப் பால்மரத் தொழிலாளியே. ஒரு செய்யுளைப் பகுத்துப் பார்ப்பது போலவே அதனைப் பகுத்துப் பார்த்தல் தகும்.

நீளம் ஆறடிக்குச் சற்றுக் கூடுதல். அகலம் நான்கரை அடி. அடித்துணி ஒரு பழைய வாயில் சேலை. மேற்புறத்தில் காக்கிக் காற்சட்டைத் துணி, பள்ளிச் சீருடையின் கருநீலம், பாத்தேக் கைலி, சேலைக் கரை, கோதுமை மாவுப் பையின் வெள்ளைத்துணி எனப் பலவகைத் துண்டுகள் உள. சித்திப் பெண்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் செல்கின்றனர். இம்மூதாட்டியோ ஏட்டில் எழுதுவது போல இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் தைத்திருக்கின்றார். ஆதலின் இப்போர்வையில் அடிகள் உண்டு எனல் பொருந்தும். யாப்பு என்றால் கட்டுதல். தொடை என்றால் தொடுத்தல். இரண்டும் கைத்தொழிற் சொற்களே. ஆகவே தொடை இலக்கணத்தை இங்கே பொருத்திக் காண்பது வலிந்து செய்யும் செயலாகாது.

மேற்பகுதியில் ஒவ்வோர் அடியும் காக்கித் துண்டிலேயே தொடங்குகிறது. முதலெழுத்து ஒன்றி வரும் மோனையை இது நினைவூட்டும். அவ்வடிகளில் இரண்டாம் இடத்தில் கருநீலம் வருகிறது, இது எதுகை. வலப்பக்க இறுதியில் சேலைக் கரைத் துண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைகின்றன, இது இயைபு. நான்காம் அடியில், மங்கிய காக்கியை ஒட்டிச் செம்மஞ்சள் பாத்தேக் துண்டு திடுமென எழுகிறது, இது முரண். ஆறாம் அடியில் கருநீலத் துணி போதாமல் போயிருக்கிறது. அவ்விடத்தில் வேறு நிறத்தை வைக்காமல், எஞ்சிய நீலத்தை ஒடுக்கமான நீண்ட பட்டையாக இழுத்து அமைத்திருக்கின்றார். ஓசை குறைந்த இடத்தில் எழுத்து நீண்டு நிறைப்பதை அளபெடை என்கிறோம். இப்பட்டை செய்வதும் அதுவே. போர்வையின் கீழ்ப்பாதிக்கு வந்ததும் இவ்வொழுங்குகள் தளர்ந்து, எந்தத் துண்டும் எதனோடும் ஒன்றாத பகுதி ஒன்று காணப்படுகிறது. மோனை முதலிய எதுவும் அமையாத தொடுப்பையும் செந்தொடை எனப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டவர்கள் நம் இலக்கணிகள். மேற்பகுதியின் ஒழுங்கைக் கண்டு பழகிய கண்ணுக்கு அப்பகுதி ஓர் ஆறுதலாக இருக்கிறது.

குறையும் உண்டு. வலப்பக்கக் கீழ்மூலையில் பிற்காலத்துப் பளபளப்பான செயற்கை இழைத் துணிகள் நெருக்கமாகக் குவிந்துள்ளன. தையலின் இடைவெளியும் அங்கே அகன்றுவிடுகிறது. பருத்தி உறிஞ்சும் ஒளியை அத்துணிகள் திருப்பி வீசுவதால், பார்வை அம்மூலையிலேயே தங்கிவிடுகிறது. பேரப்பிள்ளை பிறக்கும் நாள் நெருங்கியதால் விரைந்து முடித்ததாக அவர் கூறினார். காரணம் அன்பாயினும் குறை குறையே. இரக்கத்தால் திறனாய்வைத் தளர்த்துவது அப்படைப்புக்கு நாம் செய்யும் மரியாதையாகாது.

இவ்வளவையும் கேட்ட அம்மூதாட்டி சிரித்தார். “அதுல என்னா சார் இருக்கு? கெடச்சதப் போட்டுத் தச்சேன்” என்றார். அந்த நீண்ட நீலப் பட்டை ஏன் என்று வினவியபோது மட்டும் சற்று எண்ணிப் பார்த்து, “அந்தப் பக்கம் கனத்துப் போச்சு சார். அதான் நீலத்த இங்க இழுத்தேன்” என்றார். துணியின் எடையையா அவர் குறித்தார்? இல்லை. நிறத்தின் எடையைக் குறித்தார். ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சமநிலை என்று பல பக்கங்களில் விளக்கும் ஒன்றை அவர் ‘கனத்துப் போச்சு’ என்னும் இரு சொற்களில் சொல்லி முடித்துவிட்டார். கிடைத்ததைப் போட்டதாகச் சொன்னவர், கிடைத்ததை எங்கே போடுவது என்பதில் எவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்கின்றார் என்பதை அச்சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

தேவையா, கலையா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வசதி இருந்திருந்தால் இப்பெண்கள் கடையில் கம்பளி வாங்கியிருப்பர். பற்றாக்குறையில் பிறந்ததைக் கலை என்று புகழ்வது வறுமையைப் புகழ்வதாகாதா என்பதே அது. இம்மறுப்பு எளிதில் தள்ளத் தக்கதன்று. வறுமை போற்றுதற்குரியது என எவரும் கூறலாகாது. ஆனால் அம்மறுப்புக்கு விடையும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்றின் வளைவொன்றில் அமைந்த கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் அவ்விடையைத் தருகிறது.

அவ்வூரார் பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த கருப்பின மக்கள். அவ்வூர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கிழிந்த வேலையுடைகளைக் கொண்டு போர்வை தைத்து வந்தனர். 1966இல் அவ்வட்டாரப் பெண்கள் ஒரு தையற் கூட்டுறவை நிறுவினர். 1972இல் சியர்ஸ் என்னும் பெருவணிக நிறுவனத்துக்குக் கோடிட்ட தடித்த வெல்வெட்டுப் போன்ற கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. உறைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி. கூலி கிடைத்தது. அவ்வேலையில் மிஞ்சிய அதே கார்டுராய்த் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். அவற்றால் அவர்கள் தைத்த போர்வைகளோ ஒன்றைப் போல் ஒன்றில்லை. கோணல் கோடுகளும் எதிர்பாராத நிறச் சந்திப்புகளும் கொண்ட அப்போர்வைகள், 2002இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொங்கவிடப்பட்டு, பின்னர் நியூயார்க்கு நகரின் விட்னி அருங்காட்சியகத்துக்கும் சென்றன. 2006இல் அந்நாட்டு அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலைகளாகவும் வெளியிட்டது.

துணி ஒன்று, கைகள் ஒன்று, ஆண்டும் ஏறத்தாழ ஒன்று. பகலில் பிறர் கொடுத்த மாதிரிக்குத் தைத்த கை, இரவில் தன் விருப்பத்துக்குத் தைத்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றாக்குறையைக் கொண்டு விளக்க முடியாது. பற்றாக்குறை துண்டுகளைக் கொடுக்கிறது; அடுக்கும் முறையை அது கொடுப்பதில்லை.

அருங்காட்சியகத்துப் புகழிலும் ஒரு முள் உண்டு. உடலைப் போர்த்தியது சுவரில் தொங்கும்போது பயன் நீங்கிக் காட்சி மட்டுமே எஞ்சுகிறது. விற்பனையும் விளம்பரமும் வந்த பிறகு, தமக்குரிய பங்கு கிடைக்கவில்லை என அவ்வூர்ப் பெண்கள் சிலர் 2007இல் வழக்குமன்றம் செல்லவும் நேர்ந்தது. கலை என ஏற்றுக்கொள்வது மட்டும் போதாது. செய்தவளை உரிமையுடையவளாகவும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதை இது உணர்த்தும்.

1942ஆம் ஆண்டின் மூன்று காட்சிகள்

போர்வை ஒரு மனிதரின் தனிமொழி என்பதை 1942ஆம் ஆண்டு நன்கு விளக்குகிறது. அவ்வாண்டில் கீஸ் பெண்டில் மிசூரி பெட்வே என்னும் பெண், இறந்துபோன தம் கணவரின் வேலையுடைகளையெல்லாம் பிரித்து ஒரு போர்வையாகத் தைத்தார். அவர் நினைவைப் போர்த்துக்கொண்டு உறங்குவதே நோக்கம் என்று அவர் மகள் பிற்காலத்தில் கூறினார். முழங்காலில் தேய்ந்து மங்கிய நிறமும், சட்டைப்பை இருந்த இடத்தில் மங்காத நிறமும் அதில் அப்படியே உள்ளன. அதற்கு வேறு பூவேலை தேவைப்படவில்லை.

அதே ஆண்டில் சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் சப்பானியர் அடைத்துவைத்த பெண்கள், எதெல் மல்வனி என்னும் கனடா நாட்டுப் பெண்ணின் தூண்டுதலால் போர்வைகள் தைத்தனர். ஒவ்வொருவருக்கும் ஆறங்குலச் சதுரத் துணி ஒன்று. தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றை அதில் தைக்க வேண்டும். அறுபத்தாறு சதுரங்கள் சேர்ந்தால் ஒரு போர்வை. காயமுற்ற ஆங்கிலேயர்க்கு ஒன்று, ஆத்திரேலியர்க்கு ஒன்று எனத் தைத்தவர்கள், இசைவு பெறும் பொருட்டுச் சப்பானியர்க்கும் ஒன்று தைத்தனர். பூவும் கப்பலும் வீடும் பெயரும் கொண்ட அச்சதுரங்கள், வேறு முகாம்களில் கிடந்த கணவர்க்குத் தாம் உயிரோடிருப்பதை அறிவிக்கும் மடலாயின. அவற்றுள் இரண்டை ஆத்திரேலியப் போர் நினைவகமும் ஒன்றைப் பிரிட்டிசுச் செஞ்சிலுவைச் சங்கமும் போற்றிக் காத்து வருகின்றன.

மூன்றாம் காட்சி நம்முடையது. 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் சயாம் பர்மா இரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை. துணிப் பஞ்சத்தால் கோணிச் சாக்கை உடுத்த காலம் அது. லயத்தில் காத்திருந்த நம் பெண்களும் கணவரின் பழஞ்சட்டையை வைத்து எதையேனும் தைத்திருத்தல் கூடும். அது எந்த நினைவகத்திலும் இல்லை. சாங்கிப் பெண்களின் சதுரங்களில் பெயர்கள் இருக்கின்றன. நம் பெண்களின் பெயர்களோ இரயில் பாதையின் கணக்கிலும் இல்லை, துணியிலும் இல்லை. அவர்களிடம் உணர்ச்சி குறைந்திருந்தது என்பதா இதற்குக் காரணம்? அவர்கள் செய்ததைப் பொருட்படுத்திப் பாதுகாக்க எவரும் இல்லை என்பதே காரணம்.

அந்நிலை இன்றும் முற்றும் மாறவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும் குடியிருப்பும் தொழிற்சாலையும் வந்தன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அம்மியையும் சாமிப் படத்தையும் எடுத்துச் சென்றன. ஒட்டுப் போர்வையைக் கால்மிதியாக்கின அல்லது எரித்தன. நம் தோட்டப்புறக் கதைகளில் உளியும் பால்வாளியும் பெறும் இடத்தை ஊசியும் நூலும் பெற்றனவா என்பதை மாணவர் ஆராய்ந்து பார்த்தல் நன்று.

ஆசிரியர்க்குரிய பாடம்

இப்பொருளைத் தமிழாசிரியரிடம் கூறுவதற்குத் தனிக் காரணம் உண்டு. நம் பள்ளிகளில் கட்டுரை எழுதுதல் பெரும்பாலும் சியர்ஸ் நிறுவனத்துத் தலையணை உறையாகவே இருந்து வந்திருக்கிறது. முன்னுரைக்கு ஒரு வாய்பாடு. முடிவுரைக்கு ஒரு வாய்பாடு. இடையில் மனனம் செய்த பழமொழி இரண்டு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று; மாதிரிக் கட்டுரைப் பழக்கம் போகவில்லை. மாணவன் எழுதுவதில் பிழை இருப்பதில்லை, மாணவனும் இருப்பதில்லை. கோணல் தீர்க்கும் தச்சன் நூலை நாம் திறம்படக் கையாள்கிறோம். பஞ்சை இழையாக்கும் நூலைக் கற்பிக்கும் வேளை எது?

மாதிரிகளை எறிந்துவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. ஆசுகவிக்கும் யாப்புத் தெரிந்திருக்க வேண்டும். கவந்தி தைப்பவளுக்கும் ஓட்டுத்தையல் கைவந்திருக்க வேண்டும். பயிற்சி முதலில் வருவதே முறை. ஆனால் பயிற்சியே முடிவாகிவிடலாகாது. தொடக்கப்பள்ளிக் கலைக்கல்வி வேளையில், ஒவ்வொரு மாணவருக்கும் பன்னிரண்டு வெட்டுத்துணிகளைக் கொடுத்து, ஊசியைத் தொடும் முன்னர் அவற்றை மேசை மேல் அடுக்கிப் பார்க்கச் சொல்லலாம். எந்தப் பக்கம் ‘கனத்துப் போச்சு’ என்று அவர்களையே கேட்கலாம். துண்டை ஏன் மாற்றி வைத்தாய் என்னும் கேள்விக்கு மாணவன் சொல்லும் விடையை, அவன் சொன்னவாறே எழுதச் சொல்லலாம். அதுவே அவனுடைய முதல் திறனாய்வுக் கட்டுரையாக அமையும். மனனம் செய்த விடை அங்கே உதவாது. அவனிடம் உள்ள பன்னிரண்டு துண்டுகள் வேறெவரிடமும் இல்லையே!

மற்றொரு பணி உடனடியாகச் செய்ய வேண்டியது. நம் வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் ஒட்டுப் போர்வைகளையும் மடித்துத் தைத்த சேலைப் படுக்கைகளையும் மாணவரைக் கொண்டு தேடிக் கண்டறிய வேண்டும். செய்தவர் பெயர், வாழ்ந்த தோட்டம், தைத்த ஆண்டு, எந்தத் துண்டு எவருடைய உடை என்னும் குறிப்புகளை அவர் வாய்மொழியாகவே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரி போதும், அருங்காட்சியகம் வேண்டுவதில்லை. போர்வையைக் கேட்டு வாங்கவும் வேண்டா. அது அவருடையது, அவர் வீட்டிலேயே இருக்கட்டும். படமும் குறிப்பும் நம்மிடம் இருந்தால் போதும்.

நான் குறிப்பிட்ட மூதாட்டிக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. அவர் இனித் தைக்கப் போவதில்லை. அந்தக் காக்கி எவருடைய காற்சட்டை, அந்த நீலம் எந்த மகளின் சீருடை என்பதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. அவரைப் போன்றோர் ஒவ்வொரு பள்ளிக்கு அருகிலும் இன்னும் சிலர் இருக்கின்றனர். உரையாசிரியர் இல்லாமல் ஓலையோடு அழிந்துபோன நூல்கள் நம் மொழியில் பல என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இவ்வாண்டுப் பள்ளி விடுமுறைக்குள் ஒரு போர்வைக்கேனும் உரை எழுதத் தொடங்குவோம்.